குண்டு எங்கே நிற்க வேண்டும்?

மாணவர்களே, புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தொக்குன் மலையடிவாரத்திலோ அதைச் சுற்றியுள்ள பழத்தோட்டங்களிலோ காலை நேரத்தில் நடந்திருக்கிறீர்களா? சில இடங்களில் மண், யாரோ மண்வெட்டியால் கொத்திப் போட்டதுபோல் புரண்டு கிடக்கும். வேர்கள் வெளியே தெரியும். பக்கத்திலேயே பிளவுபட்ட குளம்புத் தடங்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவில் காட்டுப்பன்றிகள் வந்து போயிருக்கின்றன.

காட்டுப்பன்றி நம் காட்டின் சொந்தப் பிள்ளை. ஆனால் அதைத் தின்னும் புலி குறைந்துவிட்டது. அது தின்னும் செம்பனைப் பழமோ ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 1990களில் பன்றிகளைக் கணக்கிட்டார்கள். ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 1996இல் 47, 1998இல் 27 பன்றிகள் இருந்தன. இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்கள் மேலே சொன்ன அதே இரண்டுதான்.

பயிரைக் காக்கவும் இறைச்சிக்காகவும் சிலர் பன்றி வேட்டைக்குப் போகிறார்கள். அதற்கு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குக் காவல் துறையின் உரிமம் வேண்டும். இரண்டும் கிடைத்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. துப்பாக்கியில் எந்தக் குண்டைப் போடுவது?

"குண்டு என்றால் குண்டுதானே, எதுவாக இருந்தால் என்ன?" என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ஒரு குண்டின் எடை, வேகம், வடிவம், உலோகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்: அந்தக் குண்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை. அது தவறினால் விலங்கு துடிக்கும், வழியில் போகிறவர் பலியாவார், வானத்தில் பறக்கும் கழுகுகூடச் சாகும். எப்படி என்று பார்ப்போம்.

தோட்டா, குண்டு, ரவை

முதலில் பெயர்களைச் சரி செய்துகொள்வோம். துப்பாக்கியில் நாம் போடுவது தோட்டா. அது ஒரு சிறிய கூடு. அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் மருந்து, நடுவில் வெடிமருந்து, முனையில் குண்டு. வெடிமருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளும். குண்டு மட்டும் பறந்துபோகும், காலிக் கூடு இங்கேயே இருக்கும்.

துப்பாக்கியிலும் இரண்டு வகை உண்டு. ரைபிளின் குழாய்க்குள் திருகு போன்ற வரிப்பள்ளங்கள் இருக்கும். அவற்றில் உரசிக்கொண்டு வரும் ஒற்றைக் குண்டு பம்பரம்போல் சுழன்றபடி வெளியேறும். 23 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று சுற்ற வைக்கும் குழாயில், நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு நொடிக்கு 4,000க்கும் அதிகமான முறை சுழல்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டும் மூக்கை முன்னால் வைத்தபடியே போகும்.

ஷாட்கன் குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். அதன் தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல உருண்டைகள் இருக்கும். அவற்றைத் தமிழில் ரவை என்கிறோம். நம் நாட்டில் பன்றி வேட்டைக்குப் பெரும்பாலும் பயன்படுவது 12 போர் ஷாட்கன். பெரிய விலங்குக்கான ஒருவகைத் தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9 ஈய உருண்டைகள் இருக்கும்.

எடை ஒன்று, ஆற்றல் வேறு

அந்த உருண்டை ஒன்றின் நிறை ஏறக்குறைய 3.5 கிராம். இப்போது அமெரிக்காவில் மிகவும் புழக்கத்தில் உள்ள .223 ரெமிங்டன் என்ற சிறு ரைபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதில் பலரும் பயன்படுத்தும் குண்டின் நிறையும் ஏறக்குறைய அதே 3.5 கிராம்தான். ஆனால் ஷாட்கன் உருண்டை நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ரைபிள் குண்டு ஏறக்குறைய 1,000 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது.

பள்ளியில் 'தெனாகா கினெத்திக்' என்று படிக்கும் இயக்க ஆற்றலின் சூத்திரம் நினைவிருக்கிறதா? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஷாட்கன் உருண்டை ஒன்றுக்கு 280 ஜூல் வரும். ரைபிள் குண்டுக்கு 1,750 ஜூல். வேகம் இரண்டரை மடங்குதான். ஆற்றலோ ஆறேகால் மடங்கு. வர்க்கம் செய்யும் வேலை இது.

1,750 ஜூல் என்றால் எவ்வளவு? சைக்கிளும் அதை ஓட்டும் மாணவரும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்தச் சைக்கிளுக்கு ஏறக்குறைய இதே ஆற்றல் உண்டு. ஒரு மாத்திரை அளவுள்ள உலோகத்துக்குள் ஒரு சைக்கிளின் ஓட்டம் அடங்கியிருக்கிறது!

இங்கே சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதாநாயகன் சுட்டதும் வில்லன் காற்றில் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நடக்காது. ஒருவரைத் தள்ளுவது உந்தம். அது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 3.5 கிராம் குண்டின் உந்தம் 3.5 அலகுதான். 70 கிலோ எடையுள்ளவர் உடலில் அது முழுவதும் இறங்கினாலும் அவர் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னால் நகர்வார். அதே உந்தம்தான் சுடுபவரின் தோளையும் உதைக்கிறது. ரைபிளின் எடை மூன்றரை கிலோ என்றால், குண்டை மட்டும் கணக்கில் எடுத்தால், அது நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். அதன் ஆற்றல் 1.75 ஜூல்தான், குண்டின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உந்தம் இருபுறமும் சமம், ஆற்றல் சமம் அல்ல. அதனால்தான் சுடுபவர் தோளைத் தடவிக்கொண்டு எழுந்து வருகிறார், சுடப்பட்ட விலங்கு எழுவதில்லை.

கொயோட்டிக்கு எந்தக் குண்டு?

குண்டின் வடிவம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவின் கொயோட்டி வேட்டை நல்ல உதாரணம். கொயோட்டி என்பது தமிழ்நாட்டுக் குள்ளநரியின் உறவுக்கார விலங்கு. எடை 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஓநாய்கள் அழிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் பரவி, இன்று வட அமெரிக்கா முழுவதும் வாழ்கிறது. ஆட்டுக்குட்டிகளைப் பிடிப்பதால் பண்ணைக்காரர்களும், மென்மயிர்த் தோலுக்காக மற்றவர்களும் அதைச் சுடுகிறார்கள். நாம் பார்த்த .223 அந்த வேட்டையில் பெயர் பெற்ற தோட்டா.

முதல் வகைக் குண்டு முழுக் கவசக் குண்டு. உள்ளே ஈயம், மூக்கு உட்பட வெளியே செம்பு உறை. இது உடலில் பட்டாலும் பெரும்பாலும் வடிவம் மாறாது. ஊசிபோல் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். தன் ஆற்றலில் பெரும் பகுதியைக் கையோடு கொண்டுபோய்விடும். விலங்கு உடனே சாகாமல் ஓடி, எங்கோ புதரில் மணிக்கணக்காகத் துடிக்கும். வெளியேறிய குண்டோ இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, மூக்கில் ஈயம் வெளியே தெரியும் குண்டு, அல்லது மூக்கில் சிறு குழி உள்ள குண்டு. உடலில் பட்டதும் முனை காளான்போல் விரியும். அகலம் கூடினால் எதிர்ப்பும் கூடும். குண்டு உடலுக்குள்ளேயே வேகத்தை இழக்கும். 1,750 ஜூலும் 15 சென்டிமீட்டருக்குள் தீர்ந்துவிட்டால் சராசரி விசை எவ்வளவு? ஆற்றலைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 11,700 நியூட்டன். ஒரு மைவி காரின் எடையைவிடச் சற்று அதிகம். விலங்கு உடனே விழுந்துவிடும்.

மூன்றாவது, மிக மெல்லிய உறை கொண்ட குண்டு. உள்ளே போனதும் விரிவதோடு நிற்காமல் பொடிப்பொடியாக உடைந்துவிடும். பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறாது. தோலில் ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும் என்பதால் தோல் விற்பவர்கள் இதை விரும்புகிறார்கள். தரையில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துவிடுவதால், தெறித்துப் போகும் ஆபத்தும் குறைவு.

அப்படியானால் அந்த மூன்றாம் வகைக் குண்டையே நம் காட்டுப்பன்றிக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். கூடாது. வளர்ந்த ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம்போல் தடித்த திசு உண்டு. அதன்மேல் பட்டு உடையும் குண்டு இதயத்தையோ நுரையீரலையோ எட்டாது. மேலே பெரிய புண், உள்ளே உயிர். வலியால் வெறிபிடித்த அந்தப் பன்றி மறுநாள் விடியற்காலையில் தலைவிளக்கோடு பால்மரம் வெட்டப் போகும் தொழிலாளிக்கு எதிரே வந்தால் என்ன ஆகும்? விலங்கு மாறினால் குண்டும் மாற வேண்டும். மெல்லிய உடலுக்கு உடையும் குண்டு, தடித்த உடலுக்கு ஆழமாகப் போய்ப் பிறகு விரியும் குண்டு.

கல்கத்தா பக்கத்தில் பிறந்த குண்டு

விரியும் குண்டின் கதையில் இந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு, அதுவும் பெருமைப்பட முடியாத இடம். பழைய ராணுவத் துப்பாக்கிகளின் குண்டுகள் வெறும் ஈயத்தால் ஆனவை. கனமானவை, மெதுவாகப் போகக் கூடியவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா வெடிமருந்து வந்தது. குண்டின் வேகம் கூடியது. அந்த வேகத்தில் மென்மையான ஈயம் குழாயின் வரிப்பள்ளங்களில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் குண்டுக்கு உலோக உறை போட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 குண்டு அப்படிப்பட்ட முழுக் கவசக் குண்டு.

1895இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சித்ரால் மலைப்பகுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படை போரிட்டது. குண்டு துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, எதிரி நிற்காமல் வருகிறான் என்று படையினர் குறை சொன்னார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற ஊரில் இருந்த ஆயுதச் சாலையில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி, மூக்கில் உறையில்லாமல் ஈயம் வெளியே தெரியும் குண்டை உருவாக்கினார். அது உடலுக்குள் விரிந்து பயங்கரமான புண்ணை ஏற்படுத்தியது. அந்த ஊரின் பெயரே குண்டின் பெயராகி 'டம் டம் குண்டு' என்று உலகமெங்கும் பரவியது. கொல்கத்தா விமான நிலையத்தின் பழைய பெயரும் டம் டம் விமான நிலையம்தான்.

உலக நாடுகள் இதைச் சும்மா விடவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1899 ஜூலை 29ஆம் நாள் செய்யப்பட்ட பிரகடனம், மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்றது. முதலில் எதிர்த்த பிரிட்டன் 1907இல் ஏற்றுக்கொண்டது.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அதே பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவதானால் மூக்கு மென்மையான அல்லது மூக்கில் குழியுள்ள குண்டால்தான் சுட வேண்டும் என்கிறது. போரில் தடை, வேட்டையில் கட்டாயம்! முரண்பாடுபோல் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: தேவைக்கு மேல் துன்பம் கூடாது. காயம்பட்ட படைவீரர் போரிலிருந்து விலகினால் போதும், அவர் மருத்துவமனையில் பிழைக்க வேண்டும். காயம்பட்ட மானுக்கு மருத்துவமனை இல்லை. அதற்கு விரைவான மரணமே கருணை. இயற்பியல் ஒன்றுதான். அதை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதில்தான் அறம் நுழைகிறது.

கழுகின் வயிற்றில் நிற்கும் குண்டு

பொடிப்பொடியாக உடையும் குண்டு விலங்கின் உடலுக்குள் நின்றுவிட்டது. கதை முடிந்ததா? இல்லை. கொயோட்டியின் தோலை உரித்துக்கொண்டு உடலை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். கழுகும் பிணந்தின்னிக் கழுகும் இறங்கி வந்து தின்கின்றன. இறைச்சியோடு ஈயத் துணுக்குகளும் உள்ளே போகின்றன. வயிற்றின் அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. உடல் ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து நரம்புக்குள்ளும் எலும்புக்குள்ளும் விடுகிறது. குடல் இயங்காமல் போய், தொண்டைப் பையில் இரை நிறைந்திருக்கும்போதே பறவை பட்டினியால் சாகிறது.

கலிபோர்னியா கொண்டோர் என்ற மாபெரும் பறவை 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டாலும், அவற்றைக் கொல்லும் முதன்மைக் காரணமாக ஈய நஞ்சே தொடர்ந்தது. கலிபோர்னியா மாநிலம் 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதும் தடை செய்தது.

பறவைக்கு மட்டுமா ஆபத்து? 2008இல் வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கு நன்கொடையாகக் கொடுக்கப்பட்ட மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் இருந்தன. அந்த இறைச்சியை வழங்குவது நிறுத்தப்பட்டது. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளரும் மூளைக்கு அது இன்னும் கேடு. வேட்டையாடிய பன்றி இறைச்சியைச் சமைப்பவர்கள் காயத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தாராளமாக வெட்டி எறிவது நல்லது.

இதற்கு மாற்று, முழுவதும் செம்பால் ஆன குண்டு. அது பூப்போல விரியும், ஆனால் உடைவது அரிது. இங்கேயும் இயற்பியல் கணக்குக் கேட்கிறது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்புக்கு 8.96 கிராம். அதே எடை, அதே விட்டம் வேண்டுமென்றால் செம்புக் குண்டு கால் பங்குக்கும் சற்று அதிகமாக நீள வேண்டும். நீளமான குண்டு சாயாமல் போக இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதனால் பழைய ரைபிள் சிலவற்றுக்கு இது பொருந்தாமல் போகிறது.

மீண்டும் நம் மலையடிவாரத்தில்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். குறி தவறிய ரைபிள் குண்டு 2 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கக் கூடியது. செரோக் தொக்குன் அடிவாரத்தில் நின்றுகொண்டு சுற்றிப் பாருங்கள். அந்தத் தூரத்துக்குள் வீடுகள், தேவாலயம், பள்ளிகள், சாலைகள் எல்லாம் வந்துவிடும். ஷாட்கன் ரவையோ உருண்டையானது. காற்றின் எதிர்ப்பால் விரைவில் வேகம் இழந்து, சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் இந்தக் குறையே அதன் நிறை.

ஆனால் சில நூறு மீட்டரும் குறைந்த தூரமில்லை. இருட்டில் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுட்டு, கூட வந்தவரே பலியான செய்திகளை நம் நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். நல்ல வேட்டைக்காரர் விலங்கை மட்டும் பார்ப்பதில்லை. விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கிறார். பின்னால் மண்மேடு இருந்தால் சுடுவார். தெரியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொள்வார். குண்டைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய தேர்வு அதுதான்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. மலையிலோ தோட்டத்திலோ சுடப்படாத தோட்டா கிடந்தால் தொடாதீர்கள். தட்டிப் பார்க்காதீர்கள், சாவிக்கொத்தில் மாட்ட எடுத்து வராதீர்கள். தட்டினால் வெடிக்கலாம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் குற்றம். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெற்றோரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

ஒரு குண்டு குழாயைவிட்டுக் கிளம்பிய பிறகு யாராலும் அதைத் திருப்பி அழைக்க முடியாது. அது எங்கே நிற்க வேண்டும் என்பதை அதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நொடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் கிளம்பிய 3.5 கிராம் குண்டு காற்றின் எதிர்ப்பால் 500 மீட்டர் வேகத்துக்கு வந்துவிட்டது. அதன் ஆற்றலில் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

2. கிடைமட்டமாகச் சுடப்பட்ட குண்டு 100 மீட்டர் கடக்க 0.1 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பால் அது எவ்வளவு கீழே இறங்கும்?

3. ஈயக் குண்டு 2 சென்டிமீட்டர் நீள உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எடையும் விட்டமும் கொண்ட செம்புக் குண்டின் நீளம் என்ன?

விடைகள்: 1. ஏறக்குறைய 437 ஜூல், அதாவது கால் பங்கு. 2. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். 3. ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்.